சென்னையில் ஓடிய கார்கள் உள்ளங்கையில்: டை-காஸ்ட் மாடல் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

அம்பாசடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அதை 43-ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர். அயனம்பாக்கம் மாதிரி வருஷத்துக்கு வருஷம் ஃபிளாட்டுகள் பெருகிக்கொண்டே போகிற புறநகரில், இருக்கிற ஒரு காரை நிறுத்தவே அசோசியேஷன் மீட்டிங்கில் பஞ்சாயத்து நடக்கிறது. அங்கே போய் 1950-ம் வருடத்து ஆஸ்டினை வாங்கி எங்கே நிறுத்துவது? ஆனால் 10 சென்டிமீட்டர் ஆஸ்டினுக்கு ஹாலில் இருக்கும் ஷோகேஸே போதும். பழைய கார் மேல் ஆசை, ஆனால் இடமும் இல்லை, பணமும் இல்லை என்பவர்களுக்கு டை-காஸ்ட் ஸ்கேல் மாடல் சேகரிப்பு ஒரு வழி.

வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். "பொம்மை காருக்கு இவ்ளோ காசா?" நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1950, 60-களில் மெட்ராஸில் கோக்கப்பட்டு, மெட்ராஸ் ரோட்டில் ஓடிய கார்கள் சிலவற்றின் சின்ன வடிவங்கள் அதே காலத்தில் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டன. வேறு பெயரில், வேறு பெட்டியில், இன்னமும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. எதைத் தேட வேண்டும், எது தானாகவே நொறுங்கிப் போகும், எது டூப்ளிகேட் என்று தெரிந்தால் இந்த ஊரின் மோட்டார் வரலாற்றில் ஒரு பகுதியை ஒரே ஷெல்ஃபில் அடுக்கிவிடலாம்.

டை-காஸ்ட் என்றால் என்ன?

அம்பத்தூர், பாடி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. பாடியில் 'லூகாஸ்' என்று சொல்லி பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்துக்கு அருகிலேயே சுந்தரம் கிளேட்டன் பல பத்தாண்டுகளாக நிஜ வண்டிகளுக்கான அலுமினிய பாகங்களை டை-காஸ்டிங் முறையில் வார்த்தது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் போனால் சின்னதும் பெரியதுமாக டை-காஸ்டிங் பட்டறைகளும் டூல் ரூம்களும் இருக்கின்றன. உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, சில நொடிகளில் இறுகவைத்து வெளியே எடுப்பதுதான் டை-காஸ்டிங். அந்த எஃகு அச்சுக்குத்தான் 'டை' என்று பெயர்.

மாடல் கார்களும் இதே வேலைதான். உலோகம்தான் வேறு. அலுமினியத்துக்குப் பதில் 'ஜமாக்' என்ற துத்தநாகக் கலவை. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மெக்னீசியம், வகையைப் பொறுத்து கொஞ்சம் தாமிரம். இந்த உலோகங்களின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தப் பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-ல் உருவாக்கிய கலவை இது.

ஏன் துத்தநாகம்? அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஜமாக் சுமார் 385 டிகிரியிலேயே உருகிவிடும். சூடு குறைவு என்பதால் அச்சு சீக்கிரம் தேயாது. கதவுக் கைப்பிடி, கிரில்லில் இருக்கும் கம்பி, வைப்பர் மாதிரி நூல் கனத்துக்கு இருக்கிற விவரங்களும் அச்சில் இருப்பது போலவே பதியும். கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கும். அந்தக் கனம் பிடித்துப்போய்தான் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இதில் செலவு எல்லாம் அச்சில்தான். ஒரு மாடலுக்கான எஃகு அச்சை வெட்டி முடிப்பதற்குள் பெரிய தொகை போய்விடும். பிறகு வார்க்கிற ஒவ்வொரு காருக்கும் ஆகிற உலோகச் செலவு அற்பம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுக்குப் போட்ட முதல் திரும்பும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில கார்களுக்கு மாடலே இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

1:43, 1:18 என்கிறார்களே?

1:43 என்றால் நிஜக் காரின் 43-ல் ஒரு பங்கு. 1:18 என்றால் 18-ல் ஒரு பங்கு. அதே அம்பாசடர் 1:18-ல் கிட்டத்தட்ட 24 செ.மீ. வரும், 1:64-ல் 7 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஹாட் வீல்ஸ் பிளிஸ்டர் பாக்கெட்டில் வருவது ஏறக்குறைய இந்த 1:64 அளவு.

43 என்ற விநோத எண் ரயிலிலிருந்து வந்தது. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனியை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி பொம்மை ரயில்களும் செய்தார். அந்த 'ஓ' கேஜ் ரயில் செட்டில் ஸ்டேஷன் பக்கத்தில் வைக்க சின்ன வண்டிகள் தேவைப்பட்டன. 1933 இறுதியில் அவற்றை வெளியிட்டார்கள், 1934-ல் 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரயிலுக்குத் துணையாக வந்தது ரயிலையே ஓரம் கட்டிவிட்டது. ஐரோப்பாவில் 1:43 இன்று வரை சேகரிப்பாளர்களின் முக்கிய அளவாக இருப்பதற்கு இதுதான் மூலம்.

பழைய கார்களுக்கென்றே தனி வரிசை வந்தது 1956-ல். மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த லண்டனின் லெஸ்னி கம்பெனி 'மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்' என்ற வரிசையைத் தொடங்கியது. அந்த மேட்ச்பாக்ஸ் பெயர் வந்த கதையும் சுவாரசியமானது. கம்பெனிப் பங்குதாரர் ஜாக் ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து கிளம்பியதுதான் ஒரு முழுத் தொழிலும்.

இப்போது நுணுக்கத்தின் உச்சம் வேறு எங்கோ போய்விட்டது. 1995-ல் தொடங்கிய ஜெர்மனியின் சிஎம்சி 1:18 அளவில் செய்யும் பழைய மெர்சிடஸ், மசெராட்டி மாடல்கள் சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி பாகங்கள் இருக்கும். கையால் கோத்த ஸ்போக் வீல், தோல் பெல்ட், தாமிரக் குழாய் எல்லாம் உண்டு. பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கார்களில் ஒன்றுகூட நம் தாத்தா ஓட்டியது கிடையாது. எனக்கு ஆர்வம் வருவது அடுத்த பகுதியில்தான்.

மெட்ராஸ் கார்கள் எந்த மாடலில் கிடைக்கும்?

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் கார் கோக்கத் தொடங்கிய கம்பெனிகளில் இரண்டு மெட்ராஸ்காரர்கள். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைக் கோத்தது. இதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இன்னொன்று வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டாளி. முதலில் கோத்தது வான்கார்டு கார். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை 'ஹிந்துஸ்தான் 14' என்ற பெயரில் விற்றது. அதுவும் இங்கே ஓடியது.

இப்போது டிங்கியின் '40' வரிசையைப் பாருங்கள். 1940-களின் கடைசியில் தொடங்கி, பெரும்பாலும் இங்கிலாந்து ரோட்டில் ஓடிய சாதாரணக் குடும்பக் கார்களை வைத்துச் செய்த வரிசை அது. 40டி ஆஸ்டின் டெவன். அதாவது எண்ணூரின் ஏ40. 40இ ஸ்டாண்டர்டு வான்கார்டு. அதாவது வண்டலூர் கார். 40ஜி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதாவது ஹிந்துஸ்தான் 14, அம்பாசடருக்கு இரண்டு தலைமுறை மூத்த தாத்தா. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1950-ல் மவுண்ட் ரோட்டில் எதிர்ப்பட்டிருக்கக்கூடிய மூன்று கார்கள் ஒரு சாண் இடத்தில் நிற்கும்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். 1954-ல் டிங்கி தன் எண் முறையை மாற்றியது. அதே ஆஸ்டின் 152 ஆனது, வான்கார்டு 153, ஆக்ஸ்ஃபோர்டு 159. ஆக 40இ என்று ஒருவர் விற்பதும் 153 என்று இன்னொருவர் விற்பதும் ஒரே வார்ப்புதான். வான்கார்டில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் வந்தவற்றில் பின் சக்கரத்துக்கு மேலே வளைவு திறந்திருக்கும், பிறகு வந்தவற்றில் மூடியிருக்கும். திறந்தது பழசு. ஆஸ்டினும் ஆக்ஸ்ஃபோர்டும் பின்னாளில் மேலே ஒரு கலர், கீழே ஒரு கலர் என்று வந்தன. அந்த இரட்டைக் கலருக்கு விலை அதிகம்.

இவற்றில் நுணுக்கமான விவரங்களை எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி கிடையாது, உள்ளே சீட் கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடியில் இருக்கும் தகரத் தட்டு தெரியும், அவ்வளவுதான். 1956-ல் போட்டிக்கு வந்த கார்கி, 'ஜன்னல் வைத்த கார்கள் எங்களுடையவை' என்று சொல்லித்தான் விளம்பரமே செய்தது. அதற்குப் பிறகுதான் டிங்கியும் விழித்துக்கொண்டது. ஆனால் அந்த மழுங்கலான வான்கார்டின் முதுகு வளைவு இருக்கிறதே, நிஜக் காரின் உருவம் அப்படியே பிடிபட்டிருக்கிறது. புதுசாக வரும் சில நுணுக்கமான மாடல்களில் எல்லா விவரமும் இருக்கும், அந்த முதுகு மட்டும் சரியாக வந்திருக்காது.

அடுத்து 1961. அந்த வருடம் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இரண்டு கதவு, முன்பக்கமாகச் சாயும் மொத்த பானெட், கூர்மையான வால். சென்னையில் 60 வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் ஒரு ஹெரால்டு கதை இருக்கும். இதை மாடலில் தேடும்போது 'ஸ்டாண்டர்டு' என்று தேடினால் கிடைக்காது. இங்கிலாந்தில் அது டிரயம்ஃப் ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-ல் வந்தது. டிங்கியில் 189-ம் எண், கார்கியில் 231-ம் எண். கார்கியில் பானெட் திறக்கும் என்பதால் பலரும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் கார்கி செய்தது கூபே, நம்மூரில் ஓடியது சலூன். மெட்ராஸ் ஹெரால்டு வேண்டும் என்றால் திறக்காத டிங்கிதான் சரியானது. இவ்வளவு பழசு வேண்டாம் என்பவர்களுக்கு வான்கார்ட்ஸ் என்ற பிராண்டிலும் 1:43 ஹெரால்டு வந்திருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அந்த பிராண்டுக்கும் நம் வான்கார்டு காருக்கும் சம்பந்தம் இல்லை, குழம்ப வேண்டாம்.

வண்டலூரின் கடைசி கார் 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்த 2 லிட்டர் இன்ஜின் அந்தப் பழைய வான்கார்டு வம்சத்தைச் சேர்ந்தது. 1948-ம் வருட இன்ஜினை 1985-ம் வருட உடம்புக்குள் வைத்து, சொகுசு கார் விலைக்கு விற்றார்கள். 1988-ல் கம்பெனியின் உற்பத்தியே நின்றது. அதே உடம்பை கார்கி 1979-ல் ரோவர் 3500 என்று செய்திருக்கிறது. அளவு கொஞ்சம் பெரியது, மற்றவற்றோடு வரிசையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் இந்த வரிசையை முடிக்க அதுதான் வேண்டும்.

இந்தியாவில் யாரும் செய்யவில்லையா?

செய்தார்கள், ஆனால் சொந்த அச்சில் இல்லை. வெளிநாட்டுப் பொம்மைகளை இறக்குமதி செய்வது கஷ்டமாக இருந்த காலம். 1960-களின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றை வைத்து அங்கே 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களை வார்த்தார்கள். ஜாகுவார் இ-டைப், டிரயம்ஃப் விட்டெஸ், எம்ஜிபி, பென்ட்லி, ஃபோக்ஸ்வேகன் 1500 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டிங்கி, நிக்கி. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். அடித்தட்டில் இருந்த பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரைப் போட்டார்கள். அதே கல்கத்தாவில் மில்டன், மேக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் டை-காஸ்ட் கார்கள் வந்தன.

தேய்ந்த அச்சு என்பதால் ஓரங்கள் மழுங்கியிருக்கும், பெயின்ட் கெட்டியாக வழிந்திருக்கும். அந்தக் காலத்துப் பையன்களுக்கு இவை இரண்டாம் தரப் பொம்மை. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனியாகத் தேடுகிறார்கள். பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் தூக்கிப் போடும் முன் ஒருமுறை கிளறிப் பாருங்கள். ஆனால் கிடைத்ததை வீட்டுக் குழந்தையிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

'துத்தநாகப் பூச்சி' என்பது என்ன?

சேகரிப்பாளர்களின் நிஜமான பயம் இதுதான். பூச்சி என்று பெயர்தான், உயிருள்ள எதுவும் இல்லை. துத்தநாகக் கலவையில் ஈயம், காட்மியம், வெள்ளீயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் போதும். வருடங்கள் போகப்போக உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையில் அரிப்பு ஓடும். உள்ளுக்குள் வீங்கும். முதலில் மயிரிழை அளவுக்கு விரிசல், பிறகு பெயின்ட் உப்பல், அப்புறம் அடித்தட்டுக்குள் உடம்பு பொருந்தாத அளவுக்குக் கார் நீண்டு வளையும். ஒருநாள் கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது சர்வசாதாரணம். அந்தக் காலத்துப் பட்டறையில் பழைய ஈயத் துண்டு ஒன்று உருக்கு உலைக்குள் விழுந்தால்கூட யாரும் கவலைப்படவில்லை. ஜமாக் வந்த பிறகு, 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகம்தான் வேண்டும் என்பது விதியானது. அதனால் மேலே சொன்ன 40 வரிசை, ஹெரால்டு போன்ற போருக்குப் பிந்தைய மாடல்களில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் அடியோடு ஒழியவில்லை. கலவையில் கவனம் தவறிய புதிய தயாரிப்புகளிலும் அவ்வப்போது தலைகாட்டியிருக்கிறது.

இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஒன்று, இது தொற்றாது. பக்கத்தில் இருக்கும் காருக்குப் பரவாது. பூச்சி என்ற பெயரால் வந்த வதந்தி அது. இரண்டு, இதற்கு மருந்து கிடையாது. வார்க்கும்போதே உள்ளே போய்விட்ட நோய். வார்னிஷ் அடித்தாலும், பசை ஊற்றினாலும் நிற்காது. ஈரமும் சூடும் வேகத்தைக் கூட்டும் என்பது மட்டும் உண்மை. அதனால்தான் போருக்கு முந்தைய டிங்கியை லண்டன் விலைக்கு வாங்கி சென்னைக்குக் கொண்டுவருவது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை.

சென்னை ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

பூச்சி இல்லாத மாடலுக்கும் இந்த ஊரில் வேறு எதிரிகள் உண்டு. பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துத்தநாகம் வெளுத்துப் பூக்கும். அச்சுக்கம்பி இரும்பு என்பதால் துருப்பிடிக்கும். அட்டைப் பெட்டியில் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வரும். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர். எண்ணூர் அளவுக்கு உப்புக்காற்று இல்லையே தவிர ஈரத்துக்குக் குறைவில்லை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் கீழ்த்தட்டில் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. 2015 டிசம்பருக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உள்ளே சிலிகா ஜெல் பாக்கெட், நேர் வெயில் படாத சுவர். இது போதும். வெளிச்சுவரில், முக்கியமாக மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில், அலமாரியைச் சாத்தி வைக்காதீர்கள். காற்றே புகாமல் இறுக்கமாக மூடிவிடுவதும் தப்பு. புதிய மாடல்களின் பெயின்ட், பிளாஸ்டிக், ரப்பரிலிருந்து மெல்ல வாயு வெளியேறும். அது உள்ளேயே தங்கினால் பெயின்ட் கொப்புளிக்கும். மாதத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடலாம். 1:18 மாடலை அதன் பிளாஸ்டிக் பீடத்தில் வருடக்கணக்கில் அப்படியே வைத்தால் டயரிலிருக்கும் எண்ணெய்ப்பசை பீடத்தை உருக்கி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கீழே ஒரு மெல்லிய ஷீட் வைத்தால் தீர்ந்தது. தூசிக்கு மேக்கப் பிரஷ். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

பழையதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காரைத் தலைகீழாகப் பிடியுங்கள். உடம்பையும் அடித்தட்டையும் இணைக்கும் ரிவெட், தொழிற்சாலையில் அடித்தது என்றால் விளிம்பு சீராக மடங்கியிருக்கும். துளை போட்டு எடுத்திருந்தாலோ, ஸ்க்ரூ இருந்தாலோ, பசை தெரிந்தாலோ, அந்தக் கார் ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரித்தது எதற்கு? பெரும்பாலும் பெயின்ட் அடிக்க. ரீபெயின்ட் செய்த டிங்கியை அழகுக்கு வாங்கலாம், ஒரிஜினல் விலை கொடுக்கக் கூடாது.

அடுத்தது டயர். 70 வருடத்து ரப்பர் வெடித்தோ தட்டையாகவோ இருப்பதுதான் இயல்பு. பளபளவென்று புது டயர் இருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதில் குற்றமில்லை, ஆனால் விற்பவர் சொல்ல வேண்டும். பெட்டி இன்னும் ஆபத்தான ஏரியா. ஒரிஜினல் பெட்டியோடு இருந்தால் விலை எகிறும் என்பதால் பெட்டியை மட்டும் புதிதாக அச்சடித்து விற்பதே ஒரு தனி வியாபாரம். உள்பக்கத்து அட்டை வெள்ளை வெளேரென்று இருந்தால் யோசியுங்கள்.

'கோட் 3' என்ற சொல்லும் காதில் விழும். கம்பெனி செய்த மாடலை, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பெயின்ட், ஸ்டிக்கர் மாற்றி விற்றால் அது கோட் 3. கருப்பு, மஞ்சள் அடித்து மெட்ராஸ் டாக்ஸி ஆக்கிய மாடல்கள் இந்த வகை. வெளிப்படையாகச் சொல்லி விற்றால் தப்பில்லை. 'அரிய ஃபேக்டரி வேரியன்ட்' என்று சொன்னால்தான் பர்ஸை மூட வேண்டும்.

இறக்குமதி செய்தால் ஏன் இவ்வளவு விலை?

சட்டம் இதைப் பொம்மை என்கிறதா, சேகரிப்புப் பொருள் என்கிறதா? எந்தச் சட்டத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பாவின் பொம்மைப் பாதுகாப்பு விதிகள், '14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு' என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்கும் நுணுக்கமான ஸ்கேல் மாடலைப் பொம்மைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாடல் பெட்டிகளில் '14+' என்று இருப்பது இதற்காகத்தான். இந்தியாவிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கிய பிஐஎஸ் உத்தரவு, 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருட்களைப் பற்றித்தான் பேசுகிறது.

ஆனால் சுங்கத்துறைக்கு வேறு புத்தகம். உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் சுங்கப் பட்டியலில் 9503 என்ற தலைப்பின் கீழ் மூன்று சக்கர சைக்கிளும், மரப்பாச்சியும், ஸ்கேல் மாடலும் ஒன்றாகவே இருக்கின்றன. 2020 பட்ஜெட்டில் இந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023-ல் அது 70 ஆனது. மலிவான, தரமற்ற பொம்மைகள் குவிவதைத் தடுப்பதும் உள்ளூர் உற்பத்தியை வளர்ப்பதும் நோக்கம். அந்த வலையில் 1:18 மெர்சிடஸும் மாட்டியது. கடைக்காரர் ஒருவர் 10,000 ரூபாய் மதிப்புள்ள மாடலை இறக்கினால் சுங்கத்தோடு 17,000 ஆகிவிடும். அதற்கு மேல் ஜிஎஸ்டி, அதற்கு மேல் அவர் லாபம். தனிநபர் பார்சலாக வரவழைத்தால் வேறு தலைப்பு, வேறு விகிதம். ஆர்டர் போடும் முன் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. மலிவாக இருக்கிறதே என்று சுண்டிவிட்டு, பிறகு கூரியர் ஆபீஸில் நின்று கணக்குப் பார்ப்பவர்கள் நிறைய.

உள்ளூர் உற்பத்தி வளர்ந்ததா என்றால், பொம்மையில் சரி. வயது வந்தவர்கள் சேகரிக்கும் நுணுக்கமான மாடலுக்கு இங்கே பெரிய தயாரிப்பாளர் வரவில்லை. மேலே சொன்ன அச்சுச் செலவுதான் காரணம்.

கெஸல் எங்கே?

மெட்ராஸ் வரிசையில் ஒரு இடம் காலியாகவே இருக்கும். ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் வண்டலூர்காரர்கள் 'ஸ்டாண்டர்டு கெஸல்' என்ற நான்கு கதவு காரைக் கொண்டுவந்தார்கள். ஹெரால்டு அடித்தளம்தான், ஆனால் உருவத்தை இங்கேயே மாற்றினார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு காரே கிடையாது. 1977 வரை வந்தது. டிங்கியும் கார்கியும் அவரவர் ஊர்க் குழந்தைகள் ரோட்டில் பார்த்த கார்களைத்தான் செய்தன. மெட்ராஸில் மட்டும் பிறந்த காருக்கு லிவர்பூலில் யார் அச்சு வெட்டுவார்கள்? நம் ஊருக்கே சொந்தமான கார்தான் நம் ஷெல்ஃபில் இல்லை.

எஃகு அச்சு வெட்டி ஆயிரக்கணக்கில் கெஸல் விற்கும் என்று யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் ரெசினில் வழி இருக்கிறது. ஒரு மூல வடிவம் செய்து, அதிலிருந்து சிலிக்கான் ரப்பர் அச்சு எடுத்து, சில நூறு பிரதிகள் மட்டும் வார்ப்பது. ஐரோப்பாவில் சின்னக் கம்பெனிகள் இப்படித்தான் யாரும் சீண்டாத கார்களைச் செய்கின்றன. உலோகக் கனம் இருக்காது, கதவு திறக்காது. ஆனால் துத்தநாகப் பூச்சியும் வராது. மூல வடிவத்தை இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து 3டி பிரின்ட்டரில் எடுத்துவிடலாம். அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை இருக்கும் டூல் ரூம்களில் இதைவிடக் கஷ்டமான வேலைகள் தினமும் நடக்கின்றன.

முதலில் வேண்டியது ஒழுங்காக நிற்கும் ஒரு நிஜ கெஸல். முன்கண்ணாடியின் சாய்வு, கதவுகளுக்கு நடுவில் இருக்கும் தூணின் அகலம், பின் விளக்கின் உயரம், இதையெல்லாம் போட்டோவிலிருந்து ஊகிக்க முடியாது. டேப்போடும் ஸ்கேனரோடும் போய் நின்றால் ஒருநாள் பூராவும் அளக்க விடும் ஓனர் ஒருவர் கிடைக்க வேண்டும்.